இடப்பக்கம் சாயும் பழைய டாட்டா 1210 லொறி: சேசிஸ் வளைந்ததா, ஸ்பிரிங் படுத்ததா?

கொடிகாமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது கீழே. பதிலை நாளுக்கு நாள் அதன் கீழ் சேர்த்துக்கொண்டு போகிறேன்:

"டாட்டா 1210, எண்பதுகளில் வந்த வண்டி. போன வருசம் வாங்கினேன். கல்லும் மணலும் ஏற்றுகிறேன். பின்பக்கம் இடது கைப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மட்கார்ட்டுக்கும் ரயருக்கும் இடைவெளி வலப்பக்கத்தைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் குறைவு. ஓடும்போது இடப்பக்கம் இழுக்கிறது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவன் லொறி கோணலாகப் போகுது என்கிறான். கராஜில் பார்த்துவிட்டு, சேசிஸ் வளைந்து போச்சு, எல்லாத்தையும் கழற்றி நிமிர்த்த வேணும், இல்லாட்டி இரும்புக்குக் குடு என்கிறார்கள். உண்மையிலேயே சேசிஸ்தானா?"

யூலை 6

கராஜில் எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்று கேளுங்கள். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சுன்னாகப் பக்கம் கராஜ்களில் கனகாலம் கிடந்தவன் நான். சாய்ந்து வந்த லொறிகளில் பாதிக்கு மேல் சேசிஸில், அதாவது இரும்பு அடிச்சட்டத்தில், ஒரு குறையும் இருக்கவில்லை.

மட்கார்ட்டை வைத்து அளக்காதீர்கள். இந்த வயது வண்டிக்குப் பின்பெட்டியை எத்தனை பேர் மாற்றிக் கட்டினார்களோ! சேசிஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் கிடக்கும் மரம் ஒரு பக்கம் உக்கினாலே அரை அங்குலம் இறங்கிவிடும். சேசிஸின் கீழ் விளிம்பிலிருந்து நிலத்துக்கு அளவுங்கள். பின் ஸ்பிரிங்கின் முன் பிராக்கெட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்.

அதற்கு முன் நிலம். எங்கள் முற்றங்கள் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகவே சரித்து விடப்பட்டவை. அளந்தபின் வண்டியைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்முகமாக நிறுத்தித் திரும்ப அளவுங்கள். சாய்வு மற்றப் பக்கம் மாறினால் வளைந்தது முற்றம்.

பின்னால் நாலு ரயரும் ஒரே அளவா, ஒரே காற்றா என்று பாருங்கள். உள் ரயர் காற்றுப் போய்க் கிடந்தால் வெளியிலிருந்து தெரியாது, வெளி ரயர் ஒன்றே தனியாகச் சுமக்கும்.

யூலை 6, இரவு

இடப்பக்கம் சாய்வதில் புதினம் ஒன்றுமில்லை. நாங்கள் ஓடுவது இடப்பக்கத்தால். மழைத் தண்ணீர் வடிய வீதி நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். ஆகவே வண்டி ஆயுள் முழுக்க இடது பக்கம் கொஞ்சம் பாரம் கூடுதலாகத்தான் ஓடுகிறது. தார் உடைந்த ஓரத்தில் விழுவதும் இடது சில்லுத்தான். இடது ஸ்பிரிங் முதலில் படுக்கும், அதாவது அதன் தகடுகள் வளைவு இழந்து தட்டையாகும்.

ஆனால் இழுவையும் கோணல் ஓட்டமும் வேறு கதை. படுத்த ஸ்பிரிங் வண்டியைச் சாய்க்குமே தவிர இவ்வளவு கோணலாக ஓட்டாது. இரண்டு குற்றங்கள் ஒன்றாக வந்திருக்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. கராஜ்க்காரர் இரண்டையும் சேர்த்துச் சேசிஸின் தலையில் கட்டிவிட்டார்.

யூலை 9

தம்பி அளவு அனுப்பியிருக்கிறார். வண்டியைத் திருப்பி நிறுத்தியும் அளந்தாராம், நல்ல பிள்ளை. பின்பக்கம் சேசிஸ் இடது பக்கம் 26 மில்லிமீற்றர் தாழ்வு. முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவுக்கு, இடப்பக்கம் 11 மில்லிமீற்றர் குறைவு.

அந்த 11தான் இழுவைக்குக் காரணம். இடது பின் சில்லு முன்னால் வந்திருக்கிறது, அச்சு வலப்பக்கமாகத் திரும்பி நிற்கிறது. வண்டியின் பின்புறம் வலப்பக்கம் தள்ளப்பட, முகம் இடப்பக்கம் திரும்புகிறது. சில்லுகளுக்கிடையில் எந்தப் பக்கம் நீளம் குறைவோ, அந்தப் பக்கம் இழுக்கும்.

சில்லு முன்னால் வர இரண்டு வழி உண்டு. சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களில் ஒன்று மற்றதைவிட முன்னால் தள்ளப்பட்டு முழுச் சேசிஸும் சாய்சதுரமாகியிருக்கலாம். இல்லையென்றால் சேசிஸ் தன்பாட்டில் இருக்க, ஸ்பிரிங்கின் மேல் அச்சு நழுவியிருக்கலாம். முதலாவது பெரிய செலவு. இரண்டாவது ஒரு போல்ட்.

யூலை 9, கொஞ்சம் பிந்தி

ரொறொன்ரோவிலிருந்து ஒரு அண்ணை லேசர் வைத்து அளக்கும் இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். அண்ணை, உங்களுடைய ஊரில் அது நடக்கும். இங்கே தூக்குக்குண்டு இருக்கிறது, வெண்கட்டி இருக்கிறது, மேசன் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. 3 மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பிடிக்க இது போதும். அதற்குக் கீழே பிடித்து இந்த வண்டியில் என்ன செய்யப் போகிறோம்?

யூலை 13

சாய்சதுரம் பார்க்கும் முறையை வடிவாக எழுதச் சொல்லிப் பலர் கேட்டபடியால் நீட்டி எழுதுகிறேன்.

சீமெந்துத் தரை வேண்டும். மட்டமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கோடு கீறக் கூடியதாக இருந்தால் சரி. சேசிஸின் இரண்டு சட்டத்திலும் பக்டரியில் போட்ட ஒரே மாதிரியான புள்ளிகளைத் தெரிவு செய்யுங்கள். முன் ஸ்பிரிங் பிராக்கெட்டின் முதல் றிவெட், பின் ஸ்பிரிங் பிராக்கெட்டின் முதல் றிவெட், கடைசிக் குறுக்குச் சட்டத்தின் றிவெட் என்று. பிறகு வந்தவர்கள் துளைத்த ஓட்டைகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நுனி தொடும் இடத்தில் வெண்கட்டியால் சிறிய சிலுவை போடுங்கள்.

இப்போது சோளகக் காற்று வேறு. குண்டு நிற்காது. ஒரு பேணியில் கழிவு ஒயில் ஊற்றி, குண்டு முழுகும்படி வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும். நூல் பேணிக்குள் இறங்கும் இடத்தை மட்டப்பலகையின் விளிம்போடு சேர்த்துத் தரைக்கு இறக்கிக் கொள்ளலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். குண்டு நிற்கும்வரை பீடி குடிக்கிற ஆக்கள் குடிக்கட்டும், மற்றவர்கள் சும்மா இருக்கட்டும்.

வண்டியை வெளியே எடுத்துவிட்டால் தரையில் சேசிஸின் வரைபடமே கிடக்கும். முன் இடதிலிருந்து பின் வலதுக்கு, முன் வலதிலிருந்து பின் இடதுக்கு. இரண்டு மூலைவிட்டமும் சமமென்றால் சாய்சதுரம் இல்லை. முழு நீளத்துக்கு மட்டும் அளக்காமல் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என்று துண்டு துண்டாகவும் அளவுங்கள். முன்னுக்கு இடப்பக்கம் போன வளைவும் பின்னுக்கு வலப்பக்கம் போன வளைவும் ஒன்றையொன்று ஈடு செய்து முழு அளவைச் சமமாகக் காட்டிவிடும். பிறகு ஒவ்வொரு துண்டிலும் மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளிகளைக் குறித்து, முன்னிருந்து பின்னுக்கு நூல் பிடியுங்கள். புள்ளிகள் எல்லாம் நூலில் விழுந்தால் பக்கவாட்டு வளைவும் இல்லை.

அளக்கும் ரேப்பை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நுனிக் கொக்கியை நம்பாமல் 10 சென்ரிமீற்றரிலிருந்து அளந்து, கடைசியில் 10ஐக் கழியுங்கள்.

யூலை 17

ஆடிப்பிறப்பு. கூழ் குடித்த மயக்கத்தில் இரண்டு வரிதான். தம்பி தரையில் கீறின படத்தைப் போட்டிருக்கிறார், மூலைவிட்ட வித்தியாசம் 2 மில்லிமீற்றர். சாய்சதுரம் என்ற கதை முடிந்தது. இடது ஸ்பிரிங்கின் நடுப் போல்ட்டைப் பாருங்கள்.

யூலை 19

நினைத்ததுதான். ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்து, நடுப் போல்ட்டின் தலை வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. ஸ்பிரிங் தகடுகளை ஒன்றாகக் கட்டி, அச்சை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது அந்தப் போல்ட்டின் தலைதான். ஆனால் பாரத்தைத் தாங்க வேண்டியது யூ போல்ட்டின் இறுக்கம். இறுக்கம் போனால் எல்லாம் அந்தச் சின்னத் தலையில் வந்து விழும். வடமராட்சி கிழக்கில் மணலுக்குள் புதைந்த வண்டியை முதலாம் கியரில் உறுமி வெளியே எடுக்கும்போது சில்லு அச்சை முன்னால் தள்ளும். அப்போது போயிருக்கும்.

புதுப் போல்ட் போட்டபின் இரண்டு பக்க நீளமும் சரி, இழுவையும் நின்றுவிட்டதாம். இருநூற்றுச் சொச்சம் ரூபாய்ச் சாமானுக்குச் சேசிஸைக் கழற்றப் பார்த்தார்கள்.

சாய்வு மட்டும் அப்படியே இருக்கிறது, 26.

யூலை 21

வவுனியாவிலிருந்து ஒருவர், 'இடது ஸ்பிரிங்குக்கு மேலதிகமாக ஒரு பிளேட் போட்டால் நிமிர்ந்துவிடும், எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி' என்கிறார். நிமிரும். எதனால் சாய்ந்தது என்பது மட்டும் மறைந்துவிடும்.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள், தம்பி. இரண்டு பின் ஸ்பிரிங்கையும் கழற்றி இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டு, அதே இடத்தில் நிறுத்தி அளவுங்கள். ஒரு நாள் வேலை, சாமான் செலவில்லை.

யூலை 22

வேலையில்லாத நேரம், கொஞ்சம் பழங்கதை.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே யாழ்ப்பாணத்துக்கு உதிரிப்பாகம் என்று ஒன்று வரவில்லை. பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். லொறிகளுக்குச் சேசிஸ் வெடித்தால் கையில் கிடைத்த இரும்பை வைத்து வெல்டிங்கால் ஒட்டினார்கள். ஒரு பெட்போர்ட் லொறியில் சட்டத்துக்குள் தண்டவாளத் துண்டு வைத்து ஒட்டியிருந்ததை நான் கண்டேன். ஒட்டியவர் கெட்டிக்காரர், ஒட்டு அசையவில்லை. ஆனால் தண்டவாளம் முடியும் இடத்தில், ஒரு சாண் தள்ளி, சேசிஸ் புதிதாக வெடித்திருந்தது.

ஏனென்றால் லொறிச் சேசிஸ் முறுகுவதற்கென்றே செய்தது. திறந்த வாய் கொண்ட 'ப' வடிவச் சட்டம் இரண்டு, குறுக்கே ஏணிப்படி போலச் சில துண்டுகள். ஒரு சில்லு மேட்டில் ஏறினால் முழு ஏணியும் கொஞ்சம் முறுகி, இறங்கினால் திரும்பிவிடும். அதில் ஒரு முழத்தை மட்டும் விறைப்பாக்கினால் அந்த முழம் முறுகாது, அதன் பங்கும் சேர்ந்து அதன் நுனியில் விழும்.

அந்தக் காலத்து ஒட்டு இன்னும் பல வண்டிகளின் வயிற்றில் இருக்கிறது. ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத்தகடு வண்டி வாங்குகிறவர்கள் இஞ்சின் சத்தம் கேட்பதற்கு முன் கீழே படுத்துப் பாருங்கள்.

யூலை 25

மாற்றிப் போட்டாயிற்று. இப்போது வண்டி வலப்பக்கம் சாய்கிறது, ஆனால் 14 மில்லிமீற்றர்தான்.

சிலர் 'பார்த்தீர்களா, ஸ்பிரிங்தான், முடிந்தது' என்று எழுதிவிட்டார்கள். அவசரப்படாதீர்கள். முழுக்க ஸ்பிரிங் என்றால் மற்றப் பக்கம் 26 வந்திருக்க வேண்டும். முழுக்கச் சேசிஸ் என்றால் இடப்பக்கம் 26 அப்படியே நின்றிருக்க வேண்டும். முதலில் ஸ்பிரிங்கும் சேசிஸும் ஒரே பக்கம் இழுத்தன, கூட்டல் 26. இப்போது எதிரெதிராக இழுக்கின்றன, கழித்தல் 14. கூட்டிப் பாதி எடுத்தால் ஸ்பிரிங்கின் பங்கு 20. மிச்சம் 6 மில்லிமீற்றர் ஸ்பிரிங்கோடு மாறவில்லை.

அந்த 6 எனக்குப் பிடிக்கவில்லை.

யூலை 25, பின்னேரம்

"6 மில்லிமீற்றருக்கு யார் கவலைப்படுவது" என்று கேட்டவருக்கு: நாற்பது வருசம் உழைத்த சேசிஸ் 6 மில்லிமீற்றர் முறுகி நிற்பது பெரிய காரியமில்லை, அப்படியே ஓடலாம். அந்த 6 பழையதா, இன்று உருவாகிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டும். எங்கேயாவது வெடித்துத் திறந்துகொண்டிருந்தாலும் முதலில் இப்படித்தான் காட்டும்.

யூலை 28

முறுகல் பார்ப்பது. சில்லில் நிற்கும் சேசிஸில் முறுகல் அளக்க முடியாது, நாலு மூலையில் தாங்கிய எதுவும் நிலத்துக்கு ஏற்ப முறுகும். மூன்று புள்ளியில் தாங்க வேண்டும்.

டீசல் தாங்கியை வடித்துவிடுங்கள், ஒரு பக்கப் பாரம் கணக்கைக் கெடுக்கும். பெட்டியைக் கட்டியிருக்கும் யூ போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். பெட்டி தானே கோணலாக இருந்து சேசிஸைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருப்பதும் உண்டு, தளர்த்தியவுடன் 'டொக்' என்று சத்தம் வந்து மரம் ஒரு பக்கம் எழும்பினால் விசயம் அதுதான். பிறகு பின்னால் இரண்டு சட்டத்துக்கும் கீழே ஸ்டாண்ட், முன்னால் குறுக்குச் சட்டத்தின் நட்ட நடுவில் ஒரே ஒரு ஜக். பாதுகாப்புக்கு முன் சட்டங்களுக்குக் கீழேயும் ஸ்டாண்ட் வையுங்கள், விரல் நுழையும் இடைவெளி விட்டு. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்.

மேசனின் தண்ணீர்க் குழாயால் பின் இரண்டு புள்ளியையும் மட்டமாக்கிவிட்டு, முன் இரண்டு புள்ளியைப் பாருங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழ் இருந்தால் அளவு பொய்யாகும். கொஞ்சம் நீலம் கலந்தால் தண்ணீரின் மட்டம் தெளிவாகத் தெரியும்.

யூலை 31

தம்பியின் அளவு: பின்னால் மட்டமாக்கியபோது முன் இடது 7 மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கிறது. திருப்பிச் சொன்னால் இடது சட்டம் பின்னுக்குப் போகப் போக 7 தாழ்ந்திருக்கிறது. 6 எதிர்பார்த்தேன், 7 வந்தது. குழாயாலும் ரேப்பாலும் அளந்ததற்கு இது நல்ல பொருத்தம்.

இனி வெடிப்புத் தேடல். பின் ஸ்பிரிங்கின் முன் பிராக்கெட்டைச் சுற்றி, கீழ் விளிம்பில் தொடங்குங்கள். இரண்டு அச்சுக்கும் இடையில் பாரம் சட்டத்தைக் கீழே தொய்ய வைக்கும், அப்போது இழுபடுவது கீழ் விளிம்பு. பின் அச்சுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதியில் இது தலைகீழ், அங்கே மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும்.

சேற்றையும் கிறீஸையும் சுரண்டிவிட்டு, துணியால் மண்ணெண்ணெய் தாராளமாகப் பூசுங்கள். கால் மணி நேரம் ஊறட்டும். துடைத்து உலர்த்திவிட்டு வெண்கட்டித் தூளை மெல்லியதாக அப்பி, சுத்தியலால் பக்கத்தில் தட்டுங்கள். வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் திரும்பிக் கசிந்து வெள்ளைக்குள் கறுத்த மயிர்க்கோடாக வரும். றிவெட்டுகளுக்கு இது தேவையில்லை. ஒரு பக்கம் விரல் வைத்து மறுபக்கம் தட்டினால், தளர்ந்த றிவெட் விரலில் நடுங்கும். தளர்ந்து கனகாலமானதன் கீழே செம்மண் நிறத்தில் துரு ஒழுகியிருக்கும்.

உப்போ கழுவாத கடற்கரை மணலோ ஏற்றிய வண்டியென்றால் இரட்டைத் தகடு இருக்கும் இடங்களையும் பாருங்கள். நடுவில் பிடித்த துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், றிவெட்டுகளுக்கிடையில் தகட்டைப் பலூனாக ஊதிவிடும். சேசிஸ் வளைந்தது என்று சிலர் காட்டுவது இந்த ஊதலைத்தான்.

ஓகஸ்ட் 4

படம் வந்திருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள். இடது சட்டம், கீழ் விளிம்பு, பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால். பிரேக் குழாய்க்கு ஒரு கிளிப் போட யாரோ விளிம்பில் ஓட்டை துளைத்திருக்கிறார்கள். வட்டம்கூட இல்லை, ஒரு பக்கம் பிசிறு. அந்தப் பிசிறிலிருந்து கறுத்த கோடு வெளி விளிம்புவரை போய், மறுபக்கம் மடிப்பைத் தாண்டி, செங்குத்தாக நிற்கும் தகட்டில் மூன்று விரல் ஏறியிருக்கிறது.

கராஜ்க்காரர் கடைசியில் சொன்னது சரிதானே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவர் சேசிஸ் வளைந்தது, நிமிர்த்து என்றார். நிமிர்த்தியிருந்தால் வெடிப்பை வைத்துக்கொண்டே ஜக்கால் அமுக்கியிருப்பார்கள், அது இன்னும் மேலே கிழிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்த சாய்வில் முக்கால் பங்கும் ஸ்பிரிங். ஆபத்து, யாரும் பேசாத அந்த மயிர்க்கோட்டில் இருந்தது.

தம்பி, இனிப் பாரம் ஏற்ற வேண்டாம். அரை லோட் என்றும் பேரம் பேச வேண்டாம்.

ஓகஸ்ட் 12

நல்லூர்க் கொடி ஏறிவிட்டது, ஒட்டுக்காரர் திருவிழாவுக்குப் பிறகுதான் வருவாராம். நல்லது, அதற்குள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பற்றரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள், ஒட்டும்போது அல்ரனேற்றர் எரியாமல் மிஞ்ச வேண்டும். வெடிப்புக்குக் கீழே ஜக் வைத்து வாய் மூடும்வரை மெல்ல உயர்த்துங்கள். தண்ணீர்க் குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 7 குறைகிறதா என்று பார்த்தபடி. வெடிப்பின் உள்நுனிக்கு அப்பால் சிறிய துளை இடுங்கள், கோடு அதில் நின்றுவிடும். பிறகு கோட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் 'வி' வடிவில் அரைத்து, உலர்ந்த 7018 வெல்டிங் கம்பியால் முழு ஆழத்துக்கும் நிரப்பி, மட்டமாக அரைத்துவிடுங்கள். பழைய ஓட்டையையும் அப்படியே அடையுங்கள்.

தகடு வைப்பதென்றால் சட்டத்தின் உள்ளே, நிற்கும் முகத்தோடு. இரண்டு நுனியும் சாய்வாக வெட்டியிருக்க வேண்டும், நேர்க் குத்தாக வெட்டினால் தண்டவாளக் கதைதான். நிற்கும் முகத்தில் போல்ட் போடலாம், விளிம்பில் ஓட்டையும் வேண்டாம், குறுக்கு ஒட்டும் வேண்டாம். காஸ் விளக்கால் சிவக்கச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றி நிமிர்த்தும் வித்தையை யாராவது காட்ட வந்தால் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஓகஸ்ட் 13

மேலே எழுதியதில் ஒன்று யோசித்துப் பார்த்தேன். 7ஐப் பூச்சியமாக்க மெனக்கெட வேண்டாம். வாய் மூடும்போது 2 அல்லது 3 மிஞ்சினால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் அமுக்கினால் நல்ல இரும்பைத்தான் வளைப்பீர்கள்.

செப்டெம்பர் 8

ஒட்டு முடிந்தது, மிஞ்சியது 2. பின் ஸ்பிரிங் இரண்டையும் தட்டி வளைவேற்றிப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பக்கத்து உயரமும் இப்போது கண்ணுக்கு ஒன்றுதான். முதல் சில லோட்டுக்குப் பிறகு, பாரம் இருக்கும்போதே யூ போல்ட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். புதிதாகப் போட்டது எல்லாம் உட்கார்ந்து தளரும்.

கறுப்புப் பெயின்ற் வாங்கி வைத்திருப்பதாகத் தம்பி எழுதியிருக்கிறார். மற்ற இடமெல்லாம் அடியுங்கள். ஒட்டின இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை அடியுங்கள், திரும்ப வெடித்தால் துருக்கோடு தூரத்திலிருந்தே தெரியும்.